பிரிட்டிஷ் துப்பறியும் நாவலை ரசித்துப் படிப்பது எப்படி? ‘ரோஜர் அக்ராய்ட்’ நாவலை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே இங்கிலாந்தில் எழுதப்பட்ட துப்பறியும் நாவல்களை இன்று கையில் எடுப்பவர்களில் பலர் நாற்பதாம் பக்கத்தைத் தாண்டுவதில்லை. “ஒன்றுமே நடக்கவில்லை, எல்லாரும் டீ குடித்துக்கொண்டே இருக்கிறார்கள்” என்பது வழக்கமான புகார். மாத நாவலின் வேகத்துக்குப் பழகிய கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். ஆனால் அந்த டீ மேஜையில்தான் கொலைக்கான காரணமும் பாதித் தடயங்களும் கொலையாளியின் முகமும் ஏற்கெனவே பரப்பி வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பார்க்கப் பழகிவிட்டால் இந்த வகை நாவலுக்கு ஈடான வாசிப்பு இன்பம் வேறு கிடையாது.

இந்த நாவல்களின் அடிப்படை ஓர் ஒப்பந்தம். துப்பறிபவர் பார்க்கும் எல்லாவற்றையும் வாசகரும் பார்ப்பார். எதையும் ஒளிக்க மாட்டேன் என்பது எழுத்தாளர் தரும் வாக்கு. அந்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டே வாசகரை ஏமாற்ற வேண்டும் என்பது அவர் தனக்கு விதித்துக்கொண்ட சவால். கடைசி அத்தியாயத்தில் “அடடா, இது அங்கேயே இருந்ததே!” என்று முன்பக்கங்களைப் புரட்டுகிறோமே, அதுதான் நமக்குக் கிடைக்கும் கூலி. நியாயமாக ஏமாறுவதற்கு வாசகரும் கொஞ்சம் உழைக்க வேண்டும். அந்த உழைப்பு என்ன என்பதை இங்கே படிப்படியாகப் பார்க்கலாம்.

எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வது அகதா கிறிஸ்டியின் ‘தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்’. 1926 ஜூனில் காலின்ஸ் பதிப்பகம் வெளியிட்டது, 27 அத்தியாயங்கள். கிங்ஸ் ஆபட் என்ற கிராமம். அங்கே ஃபெர்ன்லி பார்க் என்ற பெரிய வீட்டில், பணக்காரரான ரோஜர் அக்ராய்ட் தன் படிப்பறையிலேயே குத்திக் கொல்லப்படுகிறார். ஓய்வுபெற்றுச் சுரைக்காய் வகை ஒன்றைப் பயிரிட்டுக்கொண்டிருக்கும் பெல்ஜியக்காரர் ஹெர்க்யூல் புவாரோ துப்பறிய வருகிறார். கதையைச் சொல்பவர் ஊர் டாக்டர் ஷெப்பர்ட். கொலையாளி யார் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. கதையின் மேற்பரப்பில் தெரியும் விவரங்களை மட்டுமே பயன்படுத்துகிறோம். இன்னும் படிக்காதவர்கள் தைரியமாகத் தொடரலாம்.

படி 1: நூலைத் தேர்ந்தெடுப்பதும் காப்பாற்றுவதும்

இந்த நாவலில் வீட்டையும் படிப்பறையையும் காட்டும் வரைபடங்கள் உண்டு. அவை தெளிவாக அச்சாகியிருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். மலிவுப் பதிப்புகளிலும் மின்நூல்களிலும் வரைபடம் தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிடும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. வரைபடம் இல்லாத பதிப்பில் பாதி ஆட்டம் போய்விடுகிறது.

முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். பிற்காலப் பதிப்புகளின் முன்னுரைகள், படித்து முடித்தவர்களிடம் பேசுவதுபோல எழுதப்பட்டிருக்கும். பின்னட்டையையும் தவிர்ப்பது நல்லது. இணையத்தில் நூலின் பெயரைத் தேடவே வேண்டாம். தேடுபொறியின் முதல் வரியே குட்டை உடைத்துவிடும். ‘சிறந்த திருப்பங்கள் உள்ள நாவல்கள்’ போன்ற பட்டியல்கள் இன்னும் மோசம். தொலைக்காட்சி வடிவத்தை முதலில் பார்த்துவிட்டால் நாவலைப் படிக்கும் முதல் அனுபவம் திரும்பக் கிடைக்கவே கிடைக்காது.

ஆங்கிலத்தில் படிக்க முடிந்தவர்கள் ஆங்கிலத்திலேயே படியுங்கள். கிறிஸ்டியின் மொழி எளிமையானது, பள்ளி ஆங்கிலம் போதும். தடயங்கள் பலமுறை வாக்கிய அமைப்பிலேயே இருப்பதால் மூலத்தின் சொல்வரிசை முக்கியம். ஒலிநூல் இரண்டாம் வாசிப்புக்கு அருமையாக இருக்கும். முதல் வாசிப்புக்கு உதவாது, ஏனென்றால் நினைத்த இடத்துக்குப் பின்னோக்கிப் புரட்ட முடியாது. இன்னொன்று: அமெரிக்காவில் இந்த நாவலின் காப்புரிமை 2022 தொடக்கத்தில் முடிந்துவிட்டது. இந்தியாவில் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு வரை காப்புரிமை நீடிக்கும். கிறிஸ்டி 1976இல் காலமானார், ஆக இங்கே 2036 முடியும் வரை காசு கொடுத்து வாங்குவதே முறை.

படி 2: ஆட்ட விதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார், அவரும் துப்பறியும் நாவலாசிரியர்தான், இந்த வகைக்குப் பத்து விதிகளை எழுதினார். 1930இல் லண்டனில் ‘டிடெக்‌ஷன் கிளப்’ தொடங்கியது. ‘ஃபாதர் பிரவுன்’ துப்பறியும் கதைகளை எழுதிய செஸ்டர்டன் முதல் தலைவர். கிறிஸ்டி, டோரதி சேயர்ஸ், ஆண்டனி பெர்க்லி எல்லாரும் உறுப்பினர்கள். முக்கியமான தடயத்தை வாசகரிடமிருந்து மறைக்க மாட்டோம், தெய்வ வாக்கையோ தற்செயலையோ நம்பிக் கதையை முடிக்க மாட்டோம் என்று புதிய உறுப்பினர்கள் உறுதிமொழி எடுத்தார்கள். நாம் எடுத்துக்கொண்ட நாவல் இவற்றுக்கு முந்தியது. ஆனால் விதிகள் எழுதப்படும் முன்பே நல்ல எழுத்தாளர்களிடம் அந்த நேர்மை இருந்தது.

வாசகருக்கு உடனே பயன்படும் விதிகள் சில உண்டு. குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே தலைகாட்டியிருக்க வேண்டும். ஆகவே பாதிக் கதைக்குப் பிறகு நுழைபவர் மேல் மூளையைச் செலவிடாதீர்கள். பேய், பில்லி சூனியம் கிடையாது. வந்தால் அது யாரோ கட்டிய வேஷம். ரகசிய வழி ஒன்றுக்கு மேல் கூடாது. எவரும் கேள்விப்படாத விஷம் கூடாது. முன்கூட்டிச் சொல்லாமல் இரட்டைப் பிறவியைக் கொண்டுவரக் கூடாது. இந்த விதிகளை மனத்தில் வைத்தாலே வீண் சந்தேகங்கள் பல கழிந்துவிடும்.

விதிகளை மீறுவதும் இந்த மரபின் ஒரு பகுதிதான். நாக்ஸின் எல்லா விதிகளையும் இரும்புச்சட்டமாக எடுத்துக்கொள்பவரைச் சாமர்த்தியமான எழுத்தாளர் அந்த நம்பிக்கையை வைத்தே வீழ்த்துவார். தடயம் காட்டப்பட வேண்டும் என்ற ஒரு விதியை மட்டும் கல்லில் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 3: யாரை எப்படி அழைக்கிறார்கள்

நம் வாசகர்கள் முதலில் தடுமாறுவது பெயர்களில். ஒரே ஆளை மூன்று விதமாக அழைப்பார்கள். அக்ராய்டின் மனைவி முன்கணவர் மூலம் பெற்ற மகன், நண்பர்களுக்கு ரால்ஃப், போலீஸுக்கு கேப்டன் பேட்டன். ‘மிஸஸ் அக்ராய்ட்’ என்று வருபவர் ரோஜரின் மனைவி இல்லை. அவருடைய தம்பி செசிலின் விதவை. கணவர் பெயரைச் சேர்த்து ‘மிஸஸ் செசில் அக்ராய்ட்’ என்பது அந்தக் கால வழக்கம். அவர் மகள் ஃப்ளோரா, ரோஜருக்குத் தம்பி மகள்.

வேலைக்காரர்களை அழைக்கும் முறையில் படிநிலை தெரியும். தலைமை வேலைக்காரரான பட்லரை வெறும் குடும்பப் பெயரால் ‘பார்க்கர்’ என்பார்கள். வீட்டு நிர்வாகியான ஹவுஸ்கீப்பருக்கு மரியாதை உண்டு, அவர் ‘மிஸ் ரஸல்’. பார்லர்மெய்ட் என்பவள் உணவறையிலும் வரவேற்பறையிலும் பரிமாறுபவள். ஹவுஸ்மெய்ட் படுக்கையறைகளைச் சுத்தம் செய்பவள். ஒருத்திக்கு எந்த நேரத்தில் எந்த அறையில் வேலை என்று இதை வைத்தே கணக்கிடலாம். அவள் அந்த நேரத்தில் அந்த அறையில் இல்லை என்றால் அதுவே ஒரு கேள்வி. மேஜர், கர்னல் போன்ற பட்டங்கள் ஓய்வுக்குப் பின்னும் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

படி 4: வீடு, சட்டம், பணம், கடிகாரம்

இதில் பொறுமையாக நேரம் செலவிடுங்கள். அன்றைய ஆங்கில வாசகருக்குச் சொல்லாமலே தெரிந்த விஷயங்கள் இவை. எழுத்தாளர் விளக்க மாட்டார், ஆனால் கதை முழுக்க இவற்றின் மேல்தான் நிற்கும்.

வீட்டின் நாள் மணியடித்தாற்போல் நடக்கும். மாலையில் உடை மாற்ற ஒரு நேரம், பிறகு இரவு உணவு. ஃபெர்ன்லியில் 7:30க்கு. உணவு முடிந்ததும் பெண்கள் வரவேற்பறைக்குப் போவார்கள், ஆண்கள் சற்றுப் பின்தங்குவார்கள் அல்லது தனியறைக்குப் போய்ப் பேசுவார்கள். இரவில் வீட்டைப் பூட்டுவது பட்லர் வேலை. ஆகவே ‘ஜன்னல் திறந்திருந்தது’ என்ற வரி வந்தால் மூன்று கேள்விகள் எழ வேண்டும்: யார் திறந்தார், எதற்கு, அதை வழக்கமாக மூட வேண்டியவர் ஏன் மூடவில்லை?

போலீஸ் அமைப்பு: கிராமத்துக் கான்ஸ்டபிள், அவருக்கு மேல் இன்ஸ்பெக்டர், மாவட்டத்துக்கே தலைவர் சீஃப் கான்ஸ்டபிள். அந்தத் தலைவர் பெரும்பாலும் முன்னாள் ராணுவ அதிகாரி, பெரிய வீடுகளில் விருந்தாளியும்கூட. கனவான்களைக் கேள்வி கேட்கப் போலீஸ் தயங்குவது அதனால்தான். லண்டன் போலீஸ் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டை வரவழைப்பதும் அவர் முடிவு.

சந்தேக மரணம் என்றால், சாவுக்கான காரணத்தை ஆராயும் அதிகாரியான கரோனரின் விசாரணை நடக்கும். 1926ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் அதன் ஜூரியில் 7 முதல் 11 பேர். ‘இன்னார் கொன்றார்’ என்று பெயர் சொல்லியே தீர்ப்பளிக்கும் அதிகாரம் 1977 வரை அந்த ஜூரிக்கு இருந்தது. அதனால்தான் பல நாவல்களில் துப்பறிபவர் இந்த விசாரணைக்கு முன் அவசரப்படுகிறார். அன்று கொலைக்குத் தண்டனை தூக்கு. ஒரு நிரபராதி மாட்டிக்கொண்டால் அவர் உயிரே பணயம் என்பதை மறக்காமல் படித்தால், மேலோட்டமான சிரிப்புக்கு அடியில் இருக்கும் பதற்றம் புரியும்.

உயில் சட்டத்தில் நான்கு விஷயம் தெரிந்தால் போதும். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கோ அவருடைய கணவன் மனைவிக்கோ அந்த உயிலில் எழுதப்பட்ட சொத்து கிடைக்காது. ஒருவர் திருமணம் செய்துகொண்டால் அவர் முன்பு எழுதிய உயில் பொதுவாகச் செல்லாமல் போகும். கொன்றவர் கொல்லப்பட்டவரின் சொத்தை அடைய முடியாது. ஒரு ரகசியக் கல்யாணம் ஏன் கதையையே புரட்டிப்போடுகிறது என்பதற்கு மூன்றாவது விஷயம் பதில். விவாகரத்தும் கடினம்: 1937ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை கிட்டத்தட்ட கள்ள உறவு ஒன்றுதான் காரணமாக ஏற்கப்பட்டது. மனநலம் குன்றிய துணையிடமிருந்து விடுதலை கிடையாது. ‘பிரிந்துபோக வேண்டியதுதானே, எதற்குக் கொலை?’ என்று இன்றைய கண்ணோடு கேட்டால் பாதிக் கதைகள் அர்த்தமில்லாமல் தோன்றும்.

பணம்: ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், 21 ஷில்லிங் ஒரு கினி. அக்ராய்டின் உயிலில் சமையற்காரிக்கு 50 பவுண்டு, காரியதரிசி ஜெஃப்ரி ரேமண்டுக்கு 500, மிஸ் ரஸலுக்கு 1,000, ஃப்ளோராவுக்கு 20,000. வீட்டு வேலைக்காரியின் ஆண்டுச் சம்பளமே சில பத்து பவுண்டுகள்தான் என்ற காலம் அது. நூற்றுக்கு ஐந்து வட்டி என்று வைத்தால் 20,000 பவுண்டு ஆண்டுக்கு 1,000 தரும். வேலையே பார்க்காமல் வசதியாக வாழலாம். ஆனால் பெரிய தொகைதான் பெரிய காரணம் என்று எண்ணிவிடாதீர்கள். கடனில் மூழ்கியவனுக்கு 500 பவுண்டும் உயிர்ப் பிரச்சினை.

விஷம்: ஆர்சனிக் போன்றவற்றை வாங்கினால் மருந்துக்கடைப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும், கடைக்காரருக்கு வாங்குபவரைத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் கதைகளில் விஷம் தோட்டக் கொட்டகையிலிருந்தும் டாக்டரின் பையிலிருந்தும் வருகிறது. இந்த நாவலின் முதல் அத்தியாயத்திலேயே திருமதி ஃபெராஸ் என்ற ஊர் விதவை வெரோனல் என்ற தூக்க மருந்தை அதிகமாக உட்கொண்டு இறக்கிறார்; அன்று வீடுகளில் சாதாரணமாகப் புழங்கிய மருந்து அது. கிறிஸ்டி முதல் உலகப் போரின்போது டார்க்கீ நகர மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை பார்த்தவர். மருந்து விவரங்களில் அவரை நம்பலாம்.

தொலைபேசி அழைப்புகள் இணைப்பகத்தின் வழியே போகும், எங்கிருந்து வந்தது என்று அங்கே கேட்டறிய முடியும். கொலை இரவில் டாக்டருக்கு 10:15க்கு ஓர் அழைப்பு வருகிறது. அது கிங்ஸ் ஆபட் ரயில் நிலையத்துப் பொதுத் தொலைபேசியிலிருந்து வந்தது என்று போலீஸ் கண்டுபிடிக்கிறது. அங்கிருந்து 10:23க்கு லிவர்பூல் மெயில் புறப்படுகிறது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்து, ஒருவர் எதற்காக இப்படிச் செய்வார் என்று ஒரு நாள் யோசித்துப் பாருங்கள். ரயில் நேர அட்டவணை இந்த நாவல்களில் அலங்காரம் இல்லை.

படி 5: நோட்டுப் புத்தகம்

ஒரு சாதாரண 80 பக்க நோட்டு, ஒரு பென்சில். பேனா வேண்டாம், அடித்தடித்து எழுத நேரும். நான்கு இரட்டைப் பக்கங்களை ஒதுக்குங்கள்.

முதலாவது, ஆட்கள். ஒவ்வொருவருக்கும் நான்கு வரி விடுங்கள்: இறந்தவருக்கு என்ன உறவு, இந்தச் சாவால் என்ன லாபம், கடைசியாக அவர் இறந்தவரைப் பார்த்தது எப்போது, எதையாவது மறைக்கிறார் என்று தோன்றுகிறதா.

இரண்டாவது, நேரம். இதுதான் முதுகெலும்பு. நான்கு பத்தி போடுங்கள்: மணி, நடந்தது, சொன்னவர், வேறு சாட்சி உண்டா. அக்ராய்ட் கதைக்கு இப்படித் தொடங்கலாம்:

செப்டம்பர் 16, வியாழன் இரவு: திருமதி ஃபெராஸ் மரணம்.
செப்டம்பர் 17, வெள்ளி, 7:30: டாக்டர் விருந்துக்கு வருகிறார்.
9:00: வாசல் கேட்டருகே ஓர் அந்நியன் வழி கேட்கிறான்.
9:30: படிப்பறையில் பேச்சுக் குரல்.
9:45: ஃப்ளோரா பெரியப்பாவிடம் இரவு வணக்கம் சொன்னதாகச் சொல்கிறாள்.
10:15: தொலைபேசி.
10:23: லிவர்பூல் மெயில்.

இடையில் விட்டிருப்பதையும் மூன்றாம் நான்காம் பத்திகளையும் நீங்களே நிரப்ப வேண்டும். பெரும்பாலானோர் முதல் இரண்டு பத்தியோடு நிறுத்திவிடுவதுதான் தவறு. ஒரு நேரக் குறிப்பின் மதிப்பு அதைச் சொன்ன ஆளின் மதிப்புதான். அவர் பொய் சொல்லலாம், கடிகாரம் தவறாக ஓடலாம், தான் பார்த்ததைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம்.

மூன்றாவது, இடம். நூலின் வரைபடத்தைப் பெரிதாக நகலெடுங்கள். கதவு எந்தப் பக்கம், எது பூட்டியிருந்தது, ஜன்னலுக்கு வெளியே புல்லா சேறா என்று குறியுங்கள். படிப்பறைக்குப் போகும் வழி, மாடிப்படி இருக்கும் இடம் இரண்டும் இந்தக் கதையில் முக்கியம்.

நான்காவது, பொருள்களும் பதில் வராத கேள்விகளும். இடம் மாறியிருந்த நாற்காலி, கோடைக்குடிலில் கிடைத்த வாத்து இறகுத் தண்டும் துணிக் கிழிசலும், மீன் தொட்டியில் கிடைத்த மோதிரம், காணாமல்போன 40 பவுண்டு. ஒவ்வொன்றுக்கும் எதிரே கட்டம் போட்டு, விளக்கம் கிடைத்ததும் டிக் அடியுங்கள்.

எல்லாவற்றையும் எழுத வேண்டாம். ஓர் அத்தியாயத்துக்கு ஐந்தாறு வரி போதும். அதற்கு மேல் எழுதினால் வாசிப்பு கணக்கு வேலையாகிச் சலித்துவிடும்.

படி 6: எங்கே நிறுத்துவது

மொத்த நாவலையும் ஒரு வாரத்துக்குள், நான்கு அமர்வுகளில் முடியுங்கள். ஒரு மாதம் இழுத்தால் சின்ன விவரங்கள் நினைவிலிருந்து நழுவும். தடயமே சின்ன விவரம்தான். ஒரே இரவில் படித்தால் யோசிக்க இடமே இருக்காது.

முதல் நிறுத்தம் 5ஆம் அத்தியாயத்தின் முடிவு, கொலை தெரியவந்த இடம். உங்கள் முதல் சந்தேகத்தை எழுதிவிட்டு ஒரு நாள் விடுங்கள். அடுத்தது 12. அங்கே புவாரோ எல்லாரையும் மேஜையைச் சுற்றி உட்காரவைத்து, நீங்கள் ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றை மறைக்கிறீர்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறார். இந்த வகை நாவலின் கட்டுமான ரகசியத்தையே கிறிஸ்டி இங்கே வெளிப்படையாகத் தந்துவிடுகிறார். எல்லாரிடமும் ரகசியம் உண்டு, ஒன்றே ஒன்றுதான் கொலை. மற்றவை ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு புதிரான தடயத்தை உண்டாக்கி நம்மைத் திசைதிருப்பும். இதற்குப் பிறகு வரும் அத்தியாயத் தலைப்புகளைப் பாருங்கள்: மிஸஸ் அக்ராய்ட், ஜெஃப்ரி ரேமண்ட், பார்க்கர், சார்லஸ் கென்ட், ஃப்ளோரா அக்ராய்ட், மிஸ் ரஸல். ஒவ்வொருவர் மூட்டையும் அவிழ்கிறது. அவிழும்போதெல்லாம் உங்கள் நோட்டின் நான்காவது பகுதிக்குப் போய், எந்தெந்தக் கேள்விக்கு டிக் விழுகிறது என்று பாருங்கள். கடைசியில் டிக் விழாமல் மிஞ்சுபவைதான் கொலையாளிக்குச் சொந்தமானவை. இந்தக் கழித்தல் முறையைவிட நம்பகமான முறை எதுவும் இல்லை.

நடுவே 16ஆம் அத்தியாயம், மா ஜாங் ஆட்டம். 1920களில் இங்கிலாந்தைப் பிடித்தாட்டிய சீன விளையாட்டு. அதன் விதிகள் தெரியாவிட்டால் பரவாயில்லை. ஆட்டத்துக்கு நடுவே நடக்கும் ஊர்வம்பைக் காதுகொடுத்துக் கேளுங்கள். நாவலிலேயே மிக அழகாக எழுதப்பட்ட பக்கங்கள் அவை.

கடைசி நிறுத்தம் 23ஆம் அத்தியாயத்தின் முடிவு. அதற்கு மேல் ஒரு பக்கம்கூடப் புரட்டாதீர்கள்.

படி 7: தடயம் எங்கே ஒளிந்திருக்கும்

பொய் சொல்லாமல் மறைப்பதற்குச் சில வழிகள்தான் உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டால் கண் தானாக நிற்கும்.

பட்டியலின் நடுவில் வைப்பது பழைய வழி. மேஜைமேல் இருந்த ஏழு பொருள்களைச் சொல்லும்போது முதலாவதும் கடைசியும்தான் மனத்தில் நிற்கும். வேண்டியது நான்காவதாக இருக்கும். நகைச்சுவையில் வைப்பது இன்னொன்று. நாம் சிரித்துவிட்டுக் கடந்துவிடும் வம்புக்காரப் பெண்மணியின் வாயில் உண்மை இருக்கும். பரபரப்பான நிகழ்ச்சிக்குச் சற்று முன் வரும் சாதாரண வாக்கியமும் அப்படித்தான், அலறல் சத்தத்தில் அது மறந்துபோகும்.

கேள்வியையும் பதிலையும் பிரித்து வைப்பதும் உண்டு. எடுத்துக்காட்டாக, ஏதோ ஒரு நாவலின் மூன்றாம் அத்தியாயத்தில் ஒருவரின் தொழில்திறன், பதினைந்தாம் அத்தியாயத்தில் அந்தத் திறன் தேவைப்படும் செயல். இரண்டையும் சேர்ப்பது வாசகர் பொறுப்பு.

எல்லாவற்றையும்விட வலுவானது, நாமே எடுத்துக்கொள்ளும் அனுமானம். ஒரு கற்பனை உதாரணம்: ‘பத்து மணிக்குக் குளியலறையில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது’ என்று பணிப்பெண் சொல்கிறாள். அவர் பத்து மணிக்குக் குளித்துக்கொண்டிருந்தார் என்று நாம் எழுதிவிடுகிறோம். அவள் அப்படிச் சொல்லவே இல்லை. தண்ணீர் ஓடியது, அவ்வளவுதான். நோட்டில் எழுதும்போது சாட்சி சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள். உங்கள் விளக்கத்தை வேறு வரியில் எழுதுங்கள். சாவு நேரமும் இப்படித்தான். அன்றைய டாக்டர்கள் உடல் சூட்டையும் விறைப்பையும் வைத்துத் தோராயமாகத்தான் சொன்னார்கள். ‘ஒன்பதரைக்கும் பத்துக்கும் நடுவே’ என்பது மருத்துவமா, அல்லது அப்போது உயிரோடு இருந்ததாக யாரோ சொன்னதால் வந்த கணக்கா என்று எப்போதும் பிரித்துக் கேளுங்கள்.

படி 8: தீர்ப்பை எழுதுங்கள்

23ஆம் அத்தியாயத்தில் நிறுத்தியதும் ஒரு பக்கத்துக்கு எழுதுங்கள். யார், எதற்காக, எந்த நேரத்தில், எப்படி. அதற்கு ஆதாரமாகக் குறைந்தது மூன்று தடயங்களைப் பக்க எண்ணோடு காட்டுங்கள். டிக் விழாத கேள்விகளில் இரண்டுக்கு மேல் உங்கள் தீர்ப்பால் விளக்கப்படவில்லை என்றால் அந்தத் தீர்ப்பு தவறாக இருக்கவே வாய்ப்பு அதிகம், திரும்ப யோசியுங்கள்.

‘யார் மேல் சந்தேகமே வரவில்லையோ அவர்தான்’ என்று ஊகித்துவிட்டுக் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்வது ஆட்டத்தை வென்றதாகாது. ஊகம் சரியாகவே இருந்தாலும், எப்படி என்று காட்ட முடியாதவர் புதிரின் அழகைத் தவறவிடுகிறார். தடயங்களைச் சரியாகக் கோத்துவிட்டுத் தவறான ஆளைப் பிடித்தவர் நிறையப் பெற்றிருப்பார்.

படி 9: தணிக்கையும் இரண்டாம் வாசிப்பும்

முடிவைப் படித்ததும் கோபமோ வியப்போ வரும். உடனே நூலை மூடாதீர்கள். புவாரோ காட்டும் ஒவ்வொரு ஆதாரத்துக்கும் அது முதலில் எந்தப் பக்கத்தில் வந்தது என்று தேடி எழுதுங்கள். ஃப்ரீமேன் வில்ஸ் கிராஃப்ட்ஸ் 1933இல் எழுதிய ஒரு நாவலில், தீர்வைச் சொல்லும்போதே தடயம் இருக்கும் பக்க எண்ணையும் அச்சிட்டுத் தந்தார். ரயில்வே எஞ்சினியராக இருந்தவர், கணக்கில் அப்படி ஒரு நேர்மை. மற்ற நூல்களுக்கு அதை நாமே செய்ய வேண்டியதுதான். ஆதாரம் முன்பே காட்டப்படாமல் கடைசியில் முளைத்திருந்தால் எழுத்தாளர் வாக்கு தவறிவிட்டார் என்று தாராளமாகச் சொல்லலாம். எல்லாம் இருந்தால், ஏமாந்தது நம் கண்.

பிறகு ஒரு மாதம் கழித்து மறுபடி முதல் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். முடிவு தெரிந்தபின் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் இந்த நாவல்களில் பாதியைப் படிக்காதவர்கள். முதல்முறை கதை நம்மைத் தள்ளிக்கொண்டு போனது. இப்போது எழுத்தாளரின் கையைப் பார்க்கலாம். ஒரு பொய்கூட எழுதாமல் எப்படி வாக்கியத்துக்கு வாக்கியம் தப்பித்திருக்கிறார் என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். சாதாரண உரையாடல் ஒன்று இப்போது இரண்டு அர்த்தத்தில் ஒலிக்கும்.

ஆட்களையும் இப்போதுதான் ரசிக்க முடியும். டாக்டரின் அக்கா கரோலின், வீட்டை விட்டு வெளியே போகாமலே பால்காரன் மூலமும் வேலைக்காரி மூலமும் ஊர் ரகசியம் முழுவதையும் திரட்டிவிடுபவர். இவரிடமிருந்துதான் தன் இன்னொரு துப்பறிவாளரான மிஸ் மார்ப்பிள் பாத்திரம் பிறந்திருக்கலாம் என்று கிறிஸ்டியே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

உறுத்தும் இடங்களும் இந்தக் காலத்து நாவல்களில் உண்டு. வேலைக்காரர்களைப் பற்றிய அலட்சியம், யூதர்களையும் வேற்று நாட்டவரையும் இழிவாகப் பேசும் வரிகள். அவற்றைப் பூசி மெழுக வேண்டியதில்லை. ஆனால் கவனிக்க வேண்டியது ஒன்று: பாத்திரங்களின் இந்த மேட்டிமையையே சில நேரம் எழுத்தாளர் தடயத்தை மறைக்கும் திரையாகப் பயன்படுத்துகிறார். பணிப்பெண்ணை யாருமே நிமிர்ந்து பார்ப்பதில்லை என்பதே கதையின் சாவியாக இருக்கும் நாவல்கள் பல.

அடுத்து எதை எடுப்பது

ஒரே எழுத்தாளரின் நூல்களை வரிசையாகப் படித்தால் அவருடைய உத்தி பழகிவிட்டு, சுவை குறைந்துவிடும். மாற்றி மாற்றி எடுங்கள். நேர அட்டவணையும் அலிபியும் (குற்றம் நடந்தபோது வேறிடத்தில் இருந்ததாகக் காட்டும் சான்று) பிடித்திருந்தால் கிராஃப்ட்ஸ். மெதுவானவர், ஆனால் அலிபியை உடைக்கும் பொறுமையில் அவருக்கு நிகர் இல்லை. உரைநடை பிடித்தால் சேயர்ஸ். விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்தவர், 1933இல் அந்த உலகத்தை வைத்தே ஒரு கொலை நாவல் எழுதினார். தீர்வு என்பதே எவ்வளவு வழுக்கலானது என்று பார்க்க ஆசைப்பட்டால் பெர்க்லியின் ‘தி பாய்சன்ட் சாக்லேட்ஸ் கேஸ்’, 1929. ஒரே கொலைக்கு ஆறு பேர் ஆளுக்கொரு விளக்கம் தருகிறார்கள். இதைப் படிக்கும்போது ஒவ்வொரு விளக்கத்துக்குப் பின்னும் நிறுத்தி, அதை எப்படி உடைக்கலாம் என்று நீங்களே முயலுங்கள். அடுத்தவர் எப்படி உடைக்கிறார் என்பதோடு ஒப்பிடலாம்.

பூட்டிய அறைக் கொலை வேண்டும் என்றால் ஜான் டிக்ஸன் கார். அமெரிக்காவில் பிறந்தாலும் இங்கிலாந்தில் வாழ்ந்து இங்கிலாந்தை எழுதியவர். 1935இல் வந்த ‘தி ஹாலோ மேன்’ நாவலின் 17ஆம் அத்தியாயத்தில், பூட்டிய அறையில் கொலை நடக்கச் சாத்தியமான வழிகளை வகைவகையாகப் பிரித்து ஒரு சொற்பொழிவே உண்டு. அதில் பிறர் கதைகளும் பேசப்படுகின்றன. ஆகவே அந்த நாவலை முதலில் எடுக்காமல், இந்த வகையில் ஐந்தாறு நூல்கள் முடித்தபின் எடுப்பது நல்லது.